தினமும் போட கோல்ட் ஃபில்டு நகை வாங்கலாமா? வடசென்னைக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பவுன் ஏறியிருக்கும் விலைக்கு, கல்யாண நகையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தினமும் பஸ்ஸிலும் ரயிலிலும் போய்வர யாருக்கும் மனசு வருவதில்லை. எண்ணூரில் இருந்து பீச் ஸ்டேஷன் வரை காலை ரயிலில் வரும் பெண்களைப் பார்த்தாலே தெரியும், பாதிப் பேர் கழுத்தில் இருப்பது கவரிங்தான். நல்ல நகை பீரோவில் இருக்கும், இல்லையென்றால் அடகுக் கடையில் இருக்கும்.

இந்தக் கவரிங் இடத்துக்குத்தான் இப்போது கோல்ட் ஃபில்டு என்ற ஒன்று வந்திருக்கிறது. பெரும்பாலும் ஆன்லைனில் விற்கிறார்கள். “வருஷக்கணக்கில் கருக்காது, தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது” என்கிறார்கள். விலையோ கவரிங்கைப் போலப் பல மடங்கு. கொடுக்கலாமா? சில நகைகளுக்குக் கொடுக்கலாம், சிலவற்றுக்குக் கூடவே கூடாது என்பதுதான் என் முடிவு. எது எதற்கு என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்த்துவிட முடியும். அதற்கான வழி கீழே.

முதலில், எது என்ன என்று பிரித்துக்கொள்ளுங்கள்

கடையில் தங்க நிறத்தில் இருக்கும் எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு நல்ல பெயர் வைத்திருப்பார்கள். உள்ளே இருப்பது சில வகைதான்.

கவரிங், ஒரு கிராம் கோல்ட், மைக்ரோ பிளேட்டிங் இவையெல்லாம் ஒரே குடும்பம். பித்தளையிலோ செம்பிலோ செய்த நகையைத் தங்கக் கரைசலில் போட்டு, மின்சாரம் பாய்ச்சிப் பூச்சு ஏற்றுவார்கள். பூச்சு சாதாரணமாக ஒரு மைக்ரானுக்கும் கீழே இருக்கும். ஒரு மைக்ரான் என்றால் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு கிராம் கோல்ட் என்ற பெயரைப் பார்த்து, அதில் ஒரு கிராம் தங்கம் இருக்கிறது என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

கோல்ட் ஃபில்டில் செய்முறையே வேறு. பித்தளைக் கட்டியின் மேல் தங்கத் தகட்டை வைத்து, சூடும் அழுத்தமும் கொடுத்து ஒன்றோடொன்று பிடிக்க வைக்கிறார்கள். அப்புறம் அதை உருட்டித் தகடாக்குகிறார்கள், இழுத்துக் கம்பியாக்குகிறார்கள். அமெரிக்காவில் வேர் பிடித்த முறை இது. அங்கே இதற்கு அளவுகோலும் உண்டு: மொத்த எடையில் 20ல் ஒரு பங்காவது தங்கக் கலவையாக இருக்க வேண்டும். அந்தக் கலவை பெரும்பாலும் 14 கேரட், சிலவற்றில் 12 கேரட். முத்திரையும் அப்படியே இருக்கும்: “1/20 14கே ஜி.எஃப்.” என்று ஆங்கிலத்தில் பொடியாக அடித்திருப்பார்கள்.

வெள்ளியின் மேல் தங்கப் பூச்சு போட்டது இன்னொரு வகை. அதை வெர்மெயில் என்று விற்கிறார்கள். அமெரிக்க அளவுப்படி அதில் பூச்சு 2.5 மைக்ரானாவது இருக்க வேண்டும். இந்த 2.5 என்ற எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

கடைசியாக, முழுத் தங்கம். நம் நாட்டில் 2021 ஜூனில் இருந்து ஹால்மார்க் படிப்படியாகக் கட்டாயமானது. 2023 ஏப்ரல் 1 முதல், ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும் ஹெச்.யு.ஐ.டி. என்ற ஆறு இலக்க (எழுத்தும் எண்ணும் கலந்த) அடையாளக் குறி இல்லாமல் கடைக்காரர் விற்க முடியாது. இரண்டு கிராமுக்குக் கீழே உள்ள பொடி நகைகளுக்கு மட்டும் விலக்கு. கோல்ட் ஃபில்டு நகைக்கு இந்த ஹால்மார்க் கிடையவே கிடையாது. “ஹால்மார்க் போட்ட கோல்ட் ஃபில்டு” என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, உள்ளே இருக்கும் தங்கத்தின் விலையைப் போடுங்கள்

போலியைப் பிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஒரு கால்குலேட்டர் போதும்.

14 கேரட் என்றால் 58.5 சதவீதம் சுத்தத் தங்கம். அதில் 20ல் ஒரு பங்கு என்றால் மொத்த எடையில் கிட்டத்தட்ட 2.9 சதவீதம். ஆக, நகையின் எடையை 0.029ஆல் பெருக்குங்கள். வருவதை அன்றைய 24 கேரட் கிராம் விலையால் பெருக்குங்கள். அதுதான் உள்ளே இருக்கும் தங்கத்தின் மதிப்பு.

கணக்குக்கு வசதியாக ஒரு கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து கிராம் செயினில் 0.145 கிராம் தங்கம், அதாவது 1,450 ரூபாய். பத்து கிராம் செயினில் 2,900 ரூபாய். செய்யும் செலவு, கூலி, லாபம் எல்லாம் இதற்கு மேலேதான் வர வேண்டும். அப்படியிருக்க, பத்து கிராம் செயினை “ஒரிஜினல் கோல்ட் ஃபில்டு, 600 ரூபாய்” என்று ஒருவர் விற்கிறார் என்றால் உள்ளே இருக்கும் தங்கத்தின் விலைகூட அதில் தேறாது. அது பூச்சு நகைதான். ஆன்லைனில் “18 கேரட் கோல்ட் ஃபில்டு” என்று மலிவாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இந்தக் கணக்கில் தோற்றுப்போகும். பூச்சு நகை என்று தெரிந்து, அதற்கேற்ற விலை கொடுத்து வாங்குவதில் தப்பே இல்லை. வேறு பெயரில், வேறு விலைக்கு வாங்குவதுதான் நஷ்டம்.

கல், முத்து பதித்த நகை என்றால் அவற்றின் எடையைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். எடையைச் சொல்ல மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம்.

விலை சரியாக இருந்துவிட்டதாலேயே பொருளும் சரி என்று ஆகிவிடாது. முத்திரை இருக்கிறதா, பில்லில் “1/20, 14 கேரட் கோல்ட் ஃபில்டு” என்று எழுதித் தருகிறார்களா, இரண்டையும் கேளுங்கள். வெறுமனே “ஃபேன்சி நகை” என்று பில் போட்டால் நாளைக்கு எதுவும் கேட்க முடியாது. காந்தம் வைத்துப் பார்ப்பது ஓரளவுக்குத்தான் உதவும். பித்தளையும் காந்தத்தில் ஒட்டாது என்பதால், ஒட்டினால் உள்ளே இரும்பு என்று மட்டும் தெரியும். கொக்கிக்குள் இருக்கும் சின்ன ஸ்பிரிங் மட்டும் ஒட்டினால் அதற்காகப் பயப்பட வேண்டாம்.

தங்கப் படலம் எவ்வளவு தடிமன்?

விற்பவர்கள் சொல்லாத விஷயம் இதுதான். இதைப் புரிந்துகொண்டால் பாதி முடிவு வந்துவிடும்.

20ல் ஒரு பங்கு என்பது எடைக் கணக்கு, தடிமன் கணக்கு இல்லை. கம்பியை இழுக்க இழுக்கப் பித்தளை மெலியும்போது மேலே இருக்கும் தங்கமும் அதே விகிதத்தில் மெலிகிறது. தங்கம் கனமான உலோகம் என்பதால், எடையில் ஐந்து சதவீதமாக இருப்பது பருமனில் மூன்றரைக்கும் குறைவுதான். கணக்குப் போட்டால் ஒரு மில்லிமீட்டர் கம்பியின் மேல் சுமார் 8 மைக்ரான் தங்கம் இருக்கும். அரை மில்லிமீட்டர் கம்பியில் சுமார் 4. இழை போன்ற 0.3 மில்லிமீட்டர் கம்பியில் 2.5தான். வெள்ளி மேல் போடும் நல்ல பூச்சின் அளவு இது. நினைவில் வைக்கச் சொன்ன எண் இதற்காகத்தான்.

அதனால் ஒரே முத்திரை, ஒரே கடை என்றாலும் எல்லாச் செயினும் ஒரே காலம் உழைக்காது. கொஞ்சம் தடித்த கம்பியில் கோத்த செயின் பல வருஷம் வரும். கண்ணுக்கே தெரியாத மெல்லிய செயினுக்குக் கோல்ட் ஃபில்டு விலை கொடுத்தால் அந்த அளவுக்கு உழைப்பு கிடைக்காது. வாங்கும்போது செயின் எத்தனை இன்ச் என்று கேட்பதோடு கம்பி எத்தனை மில்லிமீட்டர் என்றும் கேளுங்கள்.

எந்த நகை, எங்கே தேய்கிறது?

தங்கப் படலம் காற்றுப்பட்டு அழிவதில்லை. தேய்ந்துதான் போகிறது. ஆகவே எந்த நகைக்குப் போடலாம் என்பதை, அது எதன் மேல் உரசுகிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

காதுக்குப் போடுவதில் கோல்ட் ஃபில்டுக்கு நான் தயங்காமல் சம்மதம் சொல்வேன். கம்மலும் வளையமும் எதன் மேலும் பெரிதாக உரசுவதில்லை. கவரிங் கம்மலில் தண்டின் பூச்சு போனதும் காது அரிப்பெடுத்துப் புண்ணாகும் பெண்கள் நிறைய. பூச்சுக்கு அடியில் நிக்கல் இருந்தால் அந்தத் தொல்லை கூடும். கோல்ட் ஃபில்டில் தோலில் படுவது 14 கேரட் தங்கம், அடியில் பித்தளை. மஞ்சள் நிறத்தில் இருப்பதையே வாங்குங்கள், வெள்ளைத் தங்க நிறத்தில் வருபவற்றில் நிக்கல் சேர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. ஒன்று மட்டும் கவனியுங்கள்: தண்டும் திருகாணியும் கோல்ட் ஃபில்டுதானா என்று கேளுங்கள். முகப்பை மட்டும் கோல்ட் ஃபில்டில் செய்து, தண்டை வேறு உலோகத்தில் வைத்துவிடுவார்கள். காதுக்குள் இருக்கப்போவது தண்டுதான்.

கழுத்துச் செயின், கம்பி நல்ல தடிமனாக இருந்தால் சரி. தேய்மானம் முதலில் தெரிவது கொக்கியை மாட்டும் கடைசி வளையத்தில். பழைய செயின் ஏதாவது வீட்டில் இருந்தால் அந்த வளையத்தின் உள்வளைவை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கொக்கி உட்காரும் இடத்தில் மட்டும் நிறம் மங்கி, பழுப்பேறிய ஒரு கோடு தெரியும். வெள்ளைப் பஞ்சால் அந்த இடத்தை மட்டும் துடைத்தால் கருப்போ பச்சையோ ஒட்டிக்கொண்டு வரும். மேலே தங்கம் தேய்ந்து பித்தளை வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். மீதிச் செயின் பளபளவென்றுதான் இருக்கும். புதுசு வாங்கும்போதே கடைசி வளையமும் கொக்கியும் செயினைவிடத் தடிப்பாக இருக்கிறதா என்று பார்ப்பது இதனால்தான்.

தாலிச் செயின் தனிக் கதை. நம் வீடுகளில் தாலிச் செயினில் நாலைந்து ஊக்கு எப்போதும் தொங்கும். புடவைக்கு, பிள்ளைகளின் யூனிஃபார்முக்கு, அவசரத்துக்கு என்று. அந்த எஃகு ஊக்கு, நடக்கும்போதெல்லாம் ஒரே இடத்தில் செயினை அறுத்துக்கொண்டே இருக்கும். உருக்களும் குண்டுமணிகளும் கோத்த இடத்தில் பாரமும் சேர்கிறது. எட்டு மைக்ரான் தங்கம் அதைப் பல வருஷம் தாங்காது. தாலியை மஞ்சள் கயிற்றிலேயே கோத்து உள்ளே விட்டுக்கொண்டு, வெளியே தெரிய ஒரு கோல்ட் ஃபில்டு செயினைத் தனியாகப் போட்டுக்கொள்வது நல்ல ஏற்பாடு. ஊக்குகளைக் கயிற்றுக்கு மாற்றிவிடுங்கள்.

மோதிரத்துக்கு வேண்டாம். பாத்திரம் தேய்ப்பது, பஸ் கம்பியைப் பிடிப்பது, மீன் ஆய்வது, எல்லாமே விரலின் உட்பக்கத்தில்தான் நடக்கிறது. வளையலுக்கும் வேண்டாம், அதுவும் இரண்டு மூன்றாகப் போடுபவர்களுக்கு. ஒன்றோடொன்று இடித்தே தேய்ந்துவிடும். வளையலுக்குக் கவரிங் வாங்கி, வெளுத்ததும் மாற்றிக்கொள்வது லாபம். காலுக்கு வெள்ளி இருக்கவே இருக்கிறது.

நம்ம ஊர்க் காற்றும் தண்ணீரும்

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் வீட்டு ஜன்னல் கம்பி எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். கடல் உப்பு, வேர்வை, உப்பேறிய போர் தண்ணீர் மூன்றும் சேர்ந்தால் பித்தளை வேகமாகப் பச்சை பிடிக்கும். தங்கப் படலம் முழுசாக இருக்கும்வரை இவை உள்ளே போக முடியாது. கவரிங் இந்தப் பக்கம் சீக்கிரம் போய்விடுவதும், கோல்ட் ஃபில்டு இங்கே கூடுதல் லாபமாக இருப்பதும் இதனால்தான். மெல்லிய பூச்சில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் நிறைய உண்டு, உப்புத் தண்ணீர் அதன் வழியாக இறங்கிவிடும்.

ஆனாலும் 14 கேரட்டில் நாற்பது சதவீதத்துக்கு மேல் செம்பும் வெள்ளியும் கலந்திருக்கின்றன. கந்தகப் புகை பட்டால் அவை லேசாகக் கருக்கும். மணலி பக்கம் தொழிற்சாலைக் காற்றில் இருப்பவர்கள் இரண்டு மூன்று மாசத்தில் நிறம் மங்கினால் “ஏமாந்துவிட்டோம்” என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்போ பூந்திக்கொட்டைத் தண்ணீரோ கலந்து கழுவி, பருத்தித் துணியால் துடைத்துப் பாருங்கள். மேலே படிந்த கருப்பு என்றால் போய்விடும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பச்சை வந்தால்தான் தேய்மானம்.

விபூதி, டூத்பேஸ்ட், புளி எதுவும் வேண்டாம். பித்தளைக் குத்துவிளக்குக்குச் செய்வதை இதற்குச் செய்தால் நீங்களே தங்கத்தைச் சுரண்டி எடுத்துவிடுவீர்கள். பாலிஷ் போடக் கொடுப்பதும் அப்படித்தான், சக்கரத்தில் வைத்ததும் படலம் போய்விடும். அறுந்தால் பத்தரிடம் கொடுக்கும்போது இது கோல்ட் ஃபில்டு என்று முதலிலேயே சொல்லுங்கள். முழுத் தங்கம் என்று நினைத்து நெருப்பு காட்டினால் பற்ற வைத்த இடத்தைச் சுற்றிக் கருத்துப்போகும்.

நிறம் ஒத்துப்போகிறதா?

சின்ன விஷயம்தான், ஆனால் வாங்கியவர்கள் அதிகம் வருத்தப்படுவது இதற்குத்தான். நம் கண் 22 கேரட்டின் அடர்ந்த மஞ்சளுக்குப் பழகியது. 14 கேரட் கொஞ்சம் வெளிறித் தெரியும். காதில் 22 கேரட் கம்மல், கழுத்தில் கோல்ட் ஃபில்டு செயின் என்றால் பக்கத்தில் நிற்பவருக்கே வித்தியாசம் தெரியும். போட்டால் கம்மல், செயின் இரண்டையும் ஒரே வகையில் போடுங்கள்.

மாசத்துக்கு என்ன ஆகிறது?

மூன்று வழிகளையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்ப்போம். விலைகள் எல்லாம் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. நீங்கள் உங்கள் கடை விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கவரிங் செயின் 400 ரூபாய், ஆறு மாசம் உழைக்கிறது என்றால் மாசம் 67 ரூபாய். கோல்ட் ஃபில்டு செயின் 4,000 ரூபாய், ஐந்து வருஷம் உழைக்கிறது என்றால் அதுவும் மாசம் 67 ரூபாய்தான். விலை பத்து மடங்கு என்றால் உழைப்பும் பத்து மடங்கு இருக்க வேண்டும், அதற்கு ஒரு மாசம் குறைந்தாலும் நஷ்டம். உங்களுக்குக் கவரிங் இரண்டே மாசத்தில் கருத்துவிடும் உடம்பு வாகு என்றால் கவரிங் செலவு மாசம் 200 ரூபாய்க்குப் போய்விடுகிறது. அப்போது கோல்ட் ஃபில்டு தெளிவாக லாபம். கவரிங்கே உங்களுக்கு ஒரு வருஷம் வருகிறதா? வீணாகச் செலவு செய்யாமல் அதிலேயே இருங்கள்.

இப்போது முழுத் தங்கம். நாலு கிராம், அதாவது அரைச் சவரன் 22 கேரட் செயின். கணக்கு எளிதாக இருக்க, இங்கே 22 கேரட் கிராம் விலையை 10,000 என்று வைப்போம். தங்கம் 40,000. செய்கூலி சேதாரம் 12 சதவீதம் என்றால் 4,800. அதன் மேல் ஜி.எஸ்.டி. 3 சதவீதம், 1,344. மொத்தம் 46,144 ரூபாய். விலையே மாறாது என்று வைத்தாலும் விற்கும்போது தங்கத்தின் 40,000 ஏறக்குறைய திரும்பி வரும். போனது ஆறாயிரம் சொச்சம். பத்து வருஷம் போட்டால் மாசம் 51 ரூபாய். கவரிங்கைவிடவும் குறைவு!

ஆகவே கையில் மொத்தமாகப் பணம் இருந்து, கழுத்தில் போட்டுக்கொண்டு நடக்கப் பயமும் இல்லை என்றால், முழுத் தங்கம்தான் மலிவு. கோல்ட் ஃபில்டு, 46,000 ரூபாயை முடக்க முடியாதவர்களுக்கும், அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு இருட்டில் ஸ்டேஷனில் இறங்கி நடக்க விரும்பாதவர்களுக்கும். இரண்டுமே நியாயமான காரணங்கள். இடையில் ஒரு வழியும் இருக்கிறது: ஹால்மார்க் போட்ட 14 கேரட், 18 கேரட் முழுத் தங்கம். 9 கேரட்டும் 2025ல் ஹால்மார்க் பட்டியலில் சேர்ந்துவிட்டது. சின்னக் கம்மல் என்றால், கோல்ட் ஃபில்டு வாங்கும் முன் இதன் விலையையும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

அடகு வைக்க வேண்டி வருமா?

வடசென்னையில் நகை என்பது அழகுக்கு மட்டும் இல்லை. ஸ்கூல் ஃபீஸ், ஆஸ்பத்திரி, மழைக்காலத்தில் வேலை இல்லாத வாரங்கள், எல்லாவற்றுக்கும் முதலில் போவது சேட்டு கடைக்குத்தான். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாளில் காசிமேட்டில் எத்தனை வீட்டு நகை அடகுக்குப் போகும் என்று அந்தத் தெருக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கோல்ட் ஃபில்டை யாரும் அடகு பிடிக்க மாட்டார்கள். பழைய தங்கம் எடுப்பவர்களும் எடுக்க மாட்டார்கள், இருக்கும் துளியைப் பிரித்தெடுக்கக் கூலி கட்டாது. கொடுத்த பணம் செலவுதான், சேமிப்பு இல்லை. “இதுவும் தங்கம்தானே, ஆபத்துக்கு உதவும்” என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். வீட்டில் அடகு வைக்கக்கூடிய நகை ஒன்றுமே இல்லை, கையில் நாலாயிரம் இருக்கிறது என்றால் என் யோசனை இதுதான்: 400 ரூபாய்க்குக் கவரிங் வாங்கிக்கொண்டு, மீதியை நகைச் சீட்டிலோ வங்கியிலோ போடுங்கள்.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. கோல்ட் ஃபில்டை உரைகல்லில் லேசாக உரசினால் தங்கக் கோடுதான் விழும், மேலே இருப்பது தங்கம்தானே. மேற்பரப்பை மட்டும் பார்க்கும் எக்ஸ்ரே மெஷினும் ஏமாற வாய்ப்புண்டு. அரம் போட்டு ஆழமாகத் தேய்த்தாலோ, தண்ணீரில் அமிழ்த்தி எடை பார்த்தாலோ குட்டு உடைந்துவிடும். 22 கேரட்டின் அடர்த்தி 17க்கு மேல், கோல்ட் ஃபில்டுடையது பித்தளையை ஒட்டி எட்டரை சொச்சம். விவரம் தெரியாமல் வீட்டில் யாராவது இதை எடுத்துப்போய் அடகுக்கு நீட்டினால், போலி நகை வைக்க வந்தவர் என்று நிற்க வேண்டியிருக்கும். ஆகவே வாங்கிய அன்றே வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். நல்ல நகை இருக்கும் டப்பாவில் போடாமல் தனிப் பையில், பில்லோடு வையுங்கள்.

வாங்கும் வரிசை

முதலில் செயின் வாங்காதீர்கள், ஒரு ஜோடி சின்னக் கம்மலோ வளையமோ வாங்குங்கள். பணமும் குறைவு, காதுக்கு ஒத்துக்கொள்கிறதா என்பதும் தெரிந்துவிடும். ஒரு கோடை முழுக்க, அதாவது வேர்வை ஊற்றும் மாசங்கள் முழுக்கப் போட்டுப் பாருங்கள். அரிப்பில்லை, தண்டில் பச்சை இல்லை, விற்றவரும் கேட்டதற்குப் பதில் சொல்கிறார் என்றால் அதே இடத்தில் செயினுக்குப் போங்கள். அரை மில்லிமீட்டருக்குக் குறையாத கம்பி, தடித்த கடைசி வளையம், எடையும் கேரட்டும் எழுதிய பில், தங்கக் கணக்கில் தேறும் விலை. இந்த நாலில் ஒன்று குறைந்தாலும் பணத்தைப் பர்ஸிலேயே வைத்துக்கொண்டு, வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுப் பக்கம் ஒரு நல்ல கவரிங் செயினைப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.